மடற்குழுவுக்கு மடற்குழு தாவி ஒரே ஆள் வம்பு: நிர்வாகிகள் சேர்ந்து தடைப்பட்டியல் வைக்கலாமா?

தொலைநோக்கி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகத் தொலைநோக்கி செய்பவர்களுக்கான ஒரு மடற்குழுவை (ஒரே முகவரிக்கு எழுதினால் எல்லா உறுப்பினருக்கும் போய்ச் சேரும் மின்னஞ்சல் குழு) நடத்துகிறேன். 600 பேர் போல இருக்கிறார்கள், எழுதுகிறவர்கள் 40 பேர் இருந்தால் அதிகம். இதே ஆர்வத்தைச் சுற்றி இன்னும் மூன்று குழுக்கள் உண்டு: கண்ணாடி தேய்ப்பவர்களுக்கு ஒன்று, வானத்தைப் படம் பிடிப்பவர்களுக்கு ஒன்று, சும்மா அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. நான்கிலும் வேறு வேறு நிர்வாகிகள், ஆனால் உறுப்பினர்களில் பாதிப்பேர் எல்லாவற்றிலும் இருப்பவர்கள்.

ஒரு ஆள் இருக்கிறார். கெட்ட வார்த்தை எழுதமாட்டார், அதுதான் சிக்கலே. புதிதாக வந்த ஒருவர் "கண்ணாடி விளிம்பு தாழ்ந்துவிட்டது, எப்படிச் சரிசெய்வது" என்று கேட்டால், கேள்வியே தப்பு என்று முதலில் ஒரு மடல் வரும். அப்புறம் பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு மடல், அவர்கள் மறுத்தால் அதற்கு வரிக்கு வரி மேற்கோள் காட்டி இன்னொன்று. ஒரு நாளில் 14 எண்ணியிருக்கிறேன். கேள்வி கேட்டவருக்குத் தனிமடலும் போகும், அதில் மொழி வேறு மாதிரி இருக்கும். போன வருடம் இப்படி மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போனார்கள், அவர்களில் ஒருவர்தான் அந்தத் தனிமடல்களை எனக்கு அனுப்பி வைத்தார்.

நான்கு தடவை எச்சரித்துவிட்டு என் குழுவில் அவரை நீக்கினேன். இரண்டு வாரத்தில் கண்ணாடிக் குழுவில் அதே கச்சேரி. அங்கே நீக்கினார்கள், படக் குழுவுக்குப் போனார். ஒவ்வொரு இடத்திலும் நிர்வாகி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், அதே எச்சரிக்கை, அதே "நான் என்ன தவறாகச் சொன்னேன், காட்டுங்கள்" என்ற பதில், அதே இரண்டு மாதம் வீண்.

இந்த எரிச்சலில் நிர்வாகிகள் ஐந்து பேர் (ஒரு குழுவுக்கு மட்டும் இரண்டு பேர்) சேர்ந்து ஒரு பொதுத் தாள் திறந்தோம். பெயர், முகவரி, காரணம் என்று மூன்று பத்திகள். ஒருவரைப் போட வேண்டும் என்று ஆரம்பித்த தாளில் ஒரே வாரத்தில் 11 வரி. அதில் ஒரு வரியைப் பார்த்ததும்தான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த மனிதர், என் குழுவில் அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது. காரணம் என்ற இடத்தில் "எரிச்சலூட்டுபவர்" என்று மட்டும் எழுதியிருந்தது.

இப்படிப் பொதுப் பட்டியல் வைத்து நடத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? வைத்தால் எப்படி வைப்பது? அல்லது இந்த யோசனையையே விட்டுவிட வேண்டுமா?

வாசற்படி:

வையுங்கள், தயங்காதீர்கள். நான் 12 வருடமாக மூன்று குழுக்கள் பார்த்துக்கொள்கிறேன், சம்பளமில்லாத வேலை. ஒரு ஆளைப் பற்றி நான் கற்றுக்கொண்ட பாடத்தை அடுத்த நிர்வாகியும் அடி வாங்கித்தான் கற்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து? சண்டைக்காரர் ஒவ்வொரு வாசலிலும் புது ஆளாக வந்து நிற்பதுதான் அவருடைய பலமே. அந்தப் பலத்தை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம். மடற்குழு நடத்தும் மென்பொருளில் மெயில்மேன் 2 வைத்திருந்தால், தடைப்பட்டியலில் போடுவது அந்த முகவரி உறுப்பினராகச் சேர்வதை மட்டும்தான் தடுக்கும். ஏற்கனவே உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது, அதைத் தனியாகச் செய்ய வேண்டும். வெளியே போனபின் அவர் குழு முகவரிக்கு அனுப்பும் மடலும் உறுப்பினர் அல்லாதவரின் மடல் என்ற கணக்கில் உங்கள் ஒப்புதலுக்கு நிற்கும் வரிசையில் வந்து உட்காரும், அதற்கு வேறு இடத்தில் "கண்டதும் நீக்கு" என்று போட வேண்டும். மெயில்மேன் 3இல் ஒரு குழுவுக்கான தடையும் உண்டு, சர்வர் முழுவதற்குமான தடையும் உண்டு, தடை செய்த முகவரியிலிருந்து வரும் மடலையும் அது பார்த்துக்கொள்ளும். நான்கு குழுவும் ஒரே சர்வரில் இருந்தால் உங்களுக்குத் தாளே தேவையில்லை.

இரண்டாவது, யாரோ அனுப்பிய வரியை அப்படியே ஒட்டாதீர்கள். ^ குறியோடு தொடங்கினால் மெயில்மேன் அதைத் தனி முகவரியாக எடுத்துக்கொள்ளாது, பல முகவரிகளுக்குப் பொருந்தும் பேட்டர்னாக எடுத்துக்கொள்ளும். நண்பர் கொடுத்த ஒரு வரியை இப்படி ஒட்டியதில் ஒரு நிறுவனத்தின் மொத்த டொமைனும் (@ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) எங்களிடம் மாட்டிக்கொண்டது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை. புதிதாகச் சேர வந்தவர்கள்தான் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். எட்டு மாதம் கழித்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து "என்மேல் என்ன கோபம்" என்று கேட்டபோதுதான் விழித்தேன்.

பெயர்_வேண்டாம்:

நான் அப்படி ஒரு பட்டியலில் இருந்தவன். இருந்தவனா, இன்னும் இருக்கிறேனா என்றுகூடத் தெரியாது.

ஒரு குழுவில் சர்வர் செலவுக்கு என்று எல்லோரிடமும் பணம் வாங்கினார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்கு கேட்டேன். பதில் வரவில்லை, மறுபடி கேட்டேன், மூன்றாவது தடவை கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். நீக்கிவிட்டார்கள். சரி, அவர்கள் வீடு, அவர்கள் கதவு. ஆனால் அடுத்த மாதம் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு குழுவில் சேர விண்ணப்பித்தேன், நிராகரிப்பு. காரணம் கிடையாது. இன்னொன்றில் நான்கு வருடமாக இருந்தேன், ஒரு காலையில் என் மடல்கள் மட்டும் போய்ச் சேரவில்லை. என் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மெயில் புரோகிராமை இரண்டு தடவை மாற்றினேன். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், "ஓ, அவர்தானே, கேட்டுக்கொண்டே இருப்பவர்" என்று அதுவே சாட்சியாகிவிடும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நிர்வாகி மனம் கேட்காமல் சொன்னார், "உங்கள் பெயர் ஒரு தாளில் இருக்கிறது, சண்டைக்காரர் என்று போட்டிருக்கிறது, நான் யாரென்று பார்க்கவில்லை, எல்லோரும் தடுத்திருந்ததால் நானும் தடுத்தேன்." இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் மறக்கவே இல்லை.

உங்கள் 11 வரியில் என்னைப்போல் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிவிட்டு அப்புறம் தொழில்நுட்பம் பேசுங்கள்.

கோடாரி:

பட்டியல் எல்லாம் எதற்கு. புது ஐடி எடுக்க இரண்டு நிமிடம் ஆகும். நீங்கள் தாளில் வரி சேர்த்து முடிப்பதற்குள் அவர் உள்ளே வந்து வணக்கம் சொல்லியிருப்பார்.

பழைய_ஹெடர்:

கோடாரி சொல்வது பாதி சரி. ஐடி மாற்றிக்கொண்டு வருகிற ஆளைப் பட்டியல் பிடிக்காது, தன் பெயரிலேயே வருகிற பிடிவாதக்காரரைத்தான் பிடிக்கும். தொலைநோக்கி வர்ணிக்கும் ஆள் இரண்டாவது ரகம் என்று தோன்றுகிறது, இப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் பெயர்மேல் அபார மரியாதை இருக்கும்.

இதையெல்லாம் நமக்கு முன்னாலேயே அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். இணையத்தின் தொழில்நுட்பத் தரங்களை எழுதும் ஐஇடிஎஃப்பின் வேலை பெரும்பாலும் மடற்குழுக்களில்தான் ஓடுகிறது. அங்கேயும் இதே தலைவலி, குழுவுக்குக் குழு தாவி விவாதத்தையே நகரவிடாமல் செய்பவர்கள். 2004இல் ஆர்எஃப்சி 3683 என்று ஒரு நடைமுறை எழுதினார்கள் (ஆர்எஃப்சி என்பது அவர்கள் எண்ணிட்டு வெளியிடும் ஆவணம்). அதில் ஒருவரின் எழுதும் உரிமையை எடுக்க வேண்டுமென்றால் அவர் எழுதிய குறிப்பிட்ட மடல்களை மேற்கோள் காட்டியாக வேண்டும். எல்லோர் முன்னாலும் அது விவாதத்துக்கு வரும், மேல்மட்டக் குழு ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் அந்தக் குழுவில் அவர் எழுத முடியாது. மற்றக் குழுக்களுக்கு என்ன விதி என்பதுதான் நமக்கு முக்கியம்: அந்தந்தக் குழுவின் பொறுப்பாளர் விரும்பினால் தன் குழுவிலும் தடுக்கலாம். தடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஒரு வருடம் கழித்து உரிமையைத் திருப்பித் தரச் சொல்லி முன்மொழியவும் வழி வைத்திருந்தார்கள். கூடவே அதே வருடம் ஆர்எஃப்சி 3934, பணிக்குழுத் தலைவர் ஒருவரை 30 நாள்வரை நிறுத்தி வைக்கலாம் என்று. சின்ன நோய்க்குச் சின்ன மருந்து.

அதற்கும் முன்னால், 1990களில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத மேடையில் நோசெம் என்று ஒன்று இருந்தது. ஸ்பாமைக் கண்டுபிடிப்பவர் "இந்தந்த மடல்களைக் காட்டாதே" என்று டிஜிட்டல் கையொப்பமிட்ட ஒரு அறிவிப்பை வெளியிடுவார். யாருடைய அறிவிப்பை நம்புவது என்பதை வாசகரோ சர்வர்காரரோ தாமே முடிவு செய்துகொள்வார். அறிவிப்பு விடுபவர் எதையும் அழிப்பதில்லை, தான் பார்த்ததைச் சொல்கிறார், அவ்வளவே.

என் கருத்தும் அதுதான். தீர்ப்பைப் பகிராதீர்கள், சம்பவத்தைப் பகிருங்கள். உங்கள் தாளில் "காரணம்" என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதை அழித்துவிட்டு நான்கு பத்தி போடுங்கள்: எந்தக் குழு, எந்தத் தேதி, எந்த மடல், நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள். மடலைக் காட்ட முடியாவிட்டால் வரியே கிடையாது. வரியைப் படித்துவிட்டு அடுத்த நிர்வாகி தடுக்கலாம், எச்சரிக்கலாம், சும்மா கண் வைத்திருக்கலாம். பெயர்_வேண்டாம் அவர்களுக்கு நடந்தது இங்கே நடக்க வேண்டுமென்றால், யாரோ ஒருவர் அந்தக் கணக்கு கேட்ட மடலைத் தேதியோடு ஒட்டியாக வேண்டும். ஒட்டியிருந்தால் படித்தவர்கள் யார் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

சாட்சி எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு, நான் கையைச் சுட்டுக்கொண்டது. அனுப்புநர் இடத்தில் யார் முகவரியை வேண்டுமானாலும் போட்டு மடல் அனுப்பலாம், மெயில் அப்படித்தான் கட்டப்பட்டது. எங்கள் குழுவில் ஒருவரைப் பிடிக்காத இன்னொருவர், அவர் முகவரியிலிருந்து வருவதுபோல் இரண்டு அசிங்கமான மடல்கள் விட்டார். நாங்கள் அப்பாவியை நீக்கினோம். அசல் மடலில் அனுப்பிய டொமைனின் டிகேஐஎம் கையொப்பம் (மடல் அங்கிருந்து மாறாமல் வந்தது என்று காட்டும் குறி) இருக்கும், அதை வைத்து ஓரளவு சரிபார்க்கலாம். ஆனால் குழு மென்பொருள் தலைப்பில் குழுப்பெயரைச் சேர்த்து அடியில் இரண்டு வரி ஒட்டியதுமே அந்தக் கையொப்பம் செல்லாமல் போய்விடும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் போலி மடலை என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்வது) இறுக்கியபின், அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியையே போட்டு அனுப்பும் குழுக்களும் நிறைய. ஆகையால் உறுப்பினர் கைக்கு வந்த பிரதியோ பழைய மடல் தொகுப்போ போதாது, ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாகப் போதாது. ஆளை மட்டுறுத்தலில் வைத்து (நிர்வாகி பார்த்தபின்தான் மடல் போகும்), அடுத்த மடல் நிர்வாகி வரிசையில் நிற்கும்போதே முழு ஹெடரோடு (மடல் எங்கிருந்து எப்படி வந்தது என்ற தலைப்பு வரிகள்) எடுத்து வையுங்கள்.

தொலைநோக்கி:

நன்றி. பெயர்_வேண்டாம், உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து அந்த 11 வரியைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு சந்தேகம். முகவரிகளை நேராகத் தாளில் போடாமல் ஹேஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றி) போட்டால் கொஞ்சம் பாதுகாப்பா? அப்புறம் தனிமடல் தொல்லைக்கு என்னதான் வழி? அவரை நான்கு குழுவிலும் நீக்கினாலும் புதியவர்களுக்குத் தனியாக எழுதிக்கொண்டே இருப்பாரே.

வாசற்படி:

பழைய_ஹெடர், மரியாதையோடு மறுக்கிறேன். "படித்துவிட்டு அவரவர் முடிவு செய்யலாம்" என்பது தாளில் அழகாக இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து, வரிசையில் 30 மடல் நிற்பதைப் பார்க்கிற நிர்வாகி, இணைப்பைத் திறந்து ஹெடர் படிப்பாரா? மற்ற மூன்று பேர் தடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பார், தானும் தடுப்பார். பெயர்_வேண்டாம் அவர்களிடம் அந்த நிர்வாகி சொன்னதே அதுதானே. ஐஇடிஎஃப்பில் ஆள்பலம் இருக்கிறது, மேல்மட்டக் குழு இருக்கிறது. இங்கே ஐந்து பேர், அதில் ஒருவர் எப்போதும் ஊரில் இல்லை.

என்னைக் கேட்டால் அதற்குப் பதில் எண்ணிக்கையை இறுக்குங்கள். இரண்டு குழுவில் தனித்தனியாக, தனித்தனிச் சம்பவத்துக்காக நீக்கப்பட்டால்தான் தாளில் ஏற வேண்டும். ஒரு நிர்வாகியின் கோபம் மட்டும் போதக்கூடாது.

பழைய_ஹெடர்:

இரண்டு குழு விதி நல்லது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது குழு முதல் குழுவைப் பார்த்துத் தடுத்திருந்தால் அது இரண்டு இல்லை, ஒன்றின் நிழல். "மற்றவர்கள் தடுத்திருக்கிறார்களா" என்ற தகவலைத் தாளிலேயே காட்டாமல் விட்டுவிடுங்கள். சம்பவம் மட்டும் தெரியட்டும், அதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்பது அவரவர் குழுவோடு. பார்க்காமல் காப்பியடிக்க முடியாது, சோம்பேறிக்கும் படிப்பதைத் தவிர வழியில்லை. நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று நான் மேலே சொன்ன நான்காவது பத்தியையும் இதற்காகவே வாபஸ் வாங்குகிறேன்.

ஹேஷ் பற்றி: சும்மா எஸ்எச்ஏ-256 என்ற பொதுவான ஹேஷ் முறையைப் போட்டால் மறைத்ததாகக் கணக்கில்லை. மெயில் முகவரி ஊகிக்கக்கூடிய பொருள், கையில் ஒரு உறுப்பினர் பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டு ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். ரகசியச் சாவி சேர்த்து ஹேஷ் செய்யும் ஹெச்மேக் முறையைப் போட்டால் வெளியாளிடமிருந்து காப்பாற்றும், சாவி உங்கள் ஐந்து பேரிடமும் இருக்கும் என்பதால் உங்களுக்குள் மறைவு கிடையாது. ஜிமெயில் முகவரியில் நடுவில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும், கூட்டல் குறிக்குப் பின்னால் என்ன எழுதினாலும் அப்படியே. இவற்றை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஹேஷ் செய்தால் ஒரே ஆள் பத்து ஆளாகத் தெரிவார். ஐந்து பேருக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டுமா என்றால், வேண்டாம். தாளை யார் திறக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தினாலே போதும்.

ஷரத்து:

சட்டப் பக்கம் கொஞ்சம். நான் உங்கள் வக்கீல் இல்லை, ஆனால் இந்த விவகாரத்தில் கொஞ்சம் புழங்கியவன்.

ஸ்பாம் அனுப்பும் இடங்களைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸ்மீது அமெரிக்காவில் இ360 என்ற மின்னஞ்சல் விளம்பர நிறுவனம் வழக்குப் போட்டது. 2006இல் ஸ்பேம்ஹாஸ் முறையாக எதிர்வாதம் செய்யாமல் விட்டதால் 1.17 கோடி டாலர் கொடு என்று தீர்ப்பு. மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இழுத்து 2010இல் 27,002 டாலராகக் குறைந்தது, 2011இல் மறுபடி மேல்நீதிமன்றம் போய் 3 டாலரில் முடிந்தது. மூன்றே டாலர்தானே என்று சிரிக்கலாம், ஐந்து வருட அலைச்சலை யார் கணக்கில் எழுதுவது? அதுவும் அவர்கள் பட்டியலிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். உங்கள் ஐந்து பேருக்கு அது பொழுதுபோக்கு.

அடுத்து, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் உங்களுக்குப் பொருந்துகிற நிலை இருந்தால், பட்டியலில் உள்ளவர் "என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், பிரதி கொடுங்கள்" என்று கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பொருந்தாவிட்டாலும் தாளை அப்படியே எழுதிப் பழகுங்கள், அந்த ஆள் நாளைக்கே படிப்பார் என்று நினைத்துக்கொண்டு. "எரிச்சலூட்டுபவர்", "மனநிலை சரியில்லாதவர்", "டூப்ளிகேட் ஐடிக்காரர்" எதையும் எழுதாதீர்கள். "இந்தத் தேதியில் ஒரே இழையில் 14 மடல் எழுதினார், நான்கு முறை எச்சரித்தோம்" என்று எழுதினால் அவர் கோபப்படலாம், பொய் என்று சொல்ல முடியாது.

பட்டியல் எப்படிச் சாகும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். ஓஆர்டிபி என்று ஸ்பாம் தடைப்பட்டியல் ஒன்று 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் ஏகப்பட்ட சர்வர்கள் அதை விசாரித்துக்கொண்டே இருந்தன, யாரும் அமைப்பை மாற்றவில்லை. 2008 மார்ச்சில் அது கேட்ட எல்லா முகவரிக்கும் "ஆம், பட்டியலில் இருக்கிறது" என்று பதில் சொல்ல ஆரம்பித்தது, ஒழுங்கான மடல்கள் எல்லாம் திரும்பி வந்தன. இப்படிப்பட்ட அனுபவங்கள் சேர்ந்துதான் 2012இல் ஆர்எஃப்சி 6471 வந்தது. சேர்க்கும் நிபந்தனை வெளிப்படையாக இருக்க வேண்டும், வரிக்குக் காலக்கெடு வேண்டும், நீக்கிக்கொள்ள வழி வேண்டும், மூடும்போது ஒழுங்காக மூட வேண்டும் என்று அதில் வரும் எதுவும் ஸ்பாமுக்கு மட்டும் உரியது இல்லை. உங்கள் தாளில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காலாவதித் தேதி போடுங்கள். ஒரு வருடம். தேதி வந்தால் வரி தானாகப் போக வேண்டும், வைத்திருக்க விரும்புகிறவர்தான் மறுபடி சாட்சி காட்ட வேண்டும்.

சாயங்காலம்:

தனிமடல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, அதுதானே உண்மையில் ஆட்களை விரட்டுகிறது.

முதலில் உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற அமைப்பைப் பாருங்கள். உறுப்பினர்கள் எல்லோரும் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் "நிர்வாகி மட்டும்" என்று மாற்றுங்கள். குழுவில் எழுதுகிறவரின் முகவரி எப்படியும் தெரியும், எழுதாமல் படிப்பவர்களாவது தப்பிப்பார்கள். பழைய மடல் தொகுப்பைப் பொதுவில் திறந்து வைத்திருந்தால், நீக்கப்பட்டவர் உறுப்பினராக இல்லாமலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தனிமடல் போடலாம். எங்கள் குழுவில் நீக்கப்பட்ட ஒருவர் ஆறு மாதம் அதைத்தான் செய்தார், நாங்கள் அதுவரை தொகுப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நாங்கள் செய்ததில் நிஜமாக வேலை செய்தது ஒன்றே ஒன்று. வரவேற்பு மடலில் மூன்று வரி சேர்த்தோம்: குழுவில் எழுதியதற்காக யாராவது தனிமடலில் தொந்தரவு செய்தால் அதை அப்படியே நிர்வாகிக்கு அனுப்புங்கள், பதில் எழுத வேண்டாம், உங்கள் பெயரை வெளியே சொல்லமாட்டோம். அதுவரை வருடத்துக்கு ஒரு புகார் வரும், அந்த மாதம் மட்டும் ஐந்து வந்தன. ஆட்கள் இவ்வளவு நாளும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

புதிய உறுப்பினர்களின் முதல் மூன்று மடலை நிறுத்தி வைத்துப் பார்த்தபின் விடுவதையும் செய்கிறோம். கோடாரி சொன்ன புது ஐடிக்காரருக்கு அதுதான் மருந்து. அவருக்குச் சண்டை உடனே வேண்டும். மூன்று நல்ல மடல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காத்திருந்து, அப்புறம் சண்டை ஆரம்பிக்கும் பொறுமை அநேகமாக யாருக்கும் இருப்பதில்லை. ஒருவருக்கு இருந்தது. மூன்று நல்ல மடல் எழுதினார், நாலாவதும் நல்லதாகவே எழுதினார், பழகிப்போச்சு போலிருக்கிறது, இன்னும் இருக்கிறார்.

கோடாரி:

அந்த ஆள் நானில்லை என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

தொலைநோக்கி:

ஒரு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மற்ற நான்கு நிர்வாகிகளுக்கும் இந்த இழையை அனுப்பினேன். ஒவ்வொரு வரிக்கும் தேதியும் மடலும் காட்ட வேண்டும், நாலு நாள் அவகாசம், காட்டாத வரி போய்விடும் என்று பேசிக்கொண்டோம். 11இல் நான்குக்குத்தான் மடல் காட்ட முடிந்தது. மூன்று வரி ஒரே நிர்வாகி போட்டவை, மூன்றும் அவருக்கும் அவர்களுக்கும் எப்போதோ நடந்த ஒரே வாக்குவாதத்திலிருந்து வந்தவை. இரண்டு வரி ஒரே மனிதரின் இரண்டு முகவரி. ஒரு வரி யாரென்றே யாருக்கும் தெரியவில்லை, யார் சேர்த்தார்கள் என்றும் தெரியவில்லை. அந்த "எரிச்சலூட்டுபவர்" வரியைப் போட்டவரிடம் கேட்டேன், "ரொம்ப நாள் ஆச்சு, ஏன் என்று ஞாபகம் இல்லை, ஆனால் ஏதோ இருந்தது" என்றார்.

இதில் ஒரு சண்டையும் வந்தது, மறைப்பானேன். மூன்று வரிக்காரர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதுபோல், நம் ஆள் அதே நாளில் அண்ணாந்து பார்ப்பவர்கள் குழுவில் சேர்ந்து ஒரு இழையில் ஒன்பது மடல் போட்டுவிட்டார்.

இப்போது தாளில் நான்கு பேர். குழு, தேதி, மடல், காலாவதித் தேதி, அவ்வளவுதான். யார் தடுத்தார்கள் என்று எழுதுவதில்லை. வாசற்படி சொன்ன இரண்டு குழு விதியில் இரண்டு பேர்தான் தேறினார்கள், மற்ற இரண்டு வரியை "ஒரு குழு மட்டும்" என்று குறித்து வைத்திருக்கிறோம். அவை இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. வரவேற்பு மடலில் சாயங்காலம் சொன்ன மூன்று வரியையும் சேர்த்துவிட்டேன், இதுவரை இரண்டு பேர் தனிமடல்களை அனுப்பியிருக்கிறார்கள், அவற்றை எழுதியவர்களில் ஒருவர் நம் ஆள், இன்னொருவர் நான் சந்தேகமே படாத ஒருவர்.

அண்ணாந்து பார்ப்பவர்கள் குழுவின் நிர்வாகி அவரைத் தடுக்கவில்லை. தாளைப் படித்துவிட்டு, மட்டுறுத்தலில் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மடல்தான் விடுவேன் என்று சொல்லியிருக்கிறார். நானாக இருந்தால் நீக்கியிருப்பேன். சரி, அவர் குழு.

பெயர்_வேண்டாம்:

நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாளில் இருக்கும் நான்கு பேருக்கும் தாங்கள் அதில் இருப்பது தெரியுமா?

தொலைநோக்கி:

தெரியாது. ஐந்தாவது பத்தியாக "தெரிவித்த தேதி" என்று இப்போதுதான் சேர்த்தேன், நான்கு வரியிலும் காலியாக இருக்கிறது. நம் ஆளுக்கு நான் எழுதுகிறேன், மற்ற மூன்று பேருக்கும் வரி போட்டவர்களே எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். 14 மடல் பதிலாக வரும் என்று தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.